4294967297: ஒரே ஓர் எண்ணைக் கடைசி வரை பிரித்துப் பார்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஒரு பெரிய எண்ணைக் கொடுத்து "இது பகா எண்ணா?" என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் உடனே 3, 7, 11 என்று வரிசையாக வகுக்க ஆரம்பித்துவிடுவோம். சின்ன எண்ணுக்கு அது போதும். பத்து இலக்கம் வந்துவிட்டால் கையும் தளரும், பொறுமையும் போய்விடும். வகுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால் பெரும்பாலான வேலை தானாகவே காணாமல் போகும்: இந்த எண்ணுக்குக் காரணி இருந்தால் அது எப்படிப்பட்ட எண்ணாக இருந்தாக வேண்டும்?

இதைப் பொதுவாகச் சொன்னால் மனதில் நிற்காது. அதனால் 4294967297 என்ற ஒரே எண்ணை எடுத்துக்கொண்டு, முதல் பார்வையிலிருந்து கடைசி வரை போகப் போகிறோம். பேனாவும் காகிதமும் போதும். படித்துக்கொண்டே போகாமல் கூடவே போட்டுப் பாருங்கள், ஏனென்றால் இதில் வரும் மீதிகள் கண்முன்னே விழும்போதுதான் விஷயம் உறைக்கும்.

படி 1: எண் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்

429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. இப்படிச் சொன்னால் ஒன்றும் தெரியாது. ஆனால் இதிலிருந்து 1-ஐக் கழித்தால் 4294967296, அதாவது 2³². ஆக நம் எண் 2³² + 1. இரும எண்ணாக எழுதினால் ஒரு 1, நடுவில் 31 பூஜ்யங்கள், மறுபடி ஒரு 1, மொத்தம் 33 இலக்கங்கள். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றுதான்.

இப்படிப்பட்ட எண்களுக்கு ஃபெர்மா எண்கள் என்று பெயர். 2-இன் அடுக்காக 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டிப்பாகும் எண்களைப் போட்டு 1-ஐக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537, 4294967297 என்று வரிசை வரும். முதல் ஐந்தும் பகா எண்கள். 1640-இல் பியர் தெ ஃபெர்மா இவை எல்லாமே பகா எண்களாகத்தான் இருக்கும் என்று கடிதங்களில் எழுதினார், நிரூபணம் தன்னிடம் இல்லை என்றும் ஒப்புக்கொண்டார். 1729-இல் கோல்ட்பாக் இந்தக் கேள்வியை ஆய்லரிடம் கொண்டுபோனார். 1732-இல் ஆய்லர் ஆறாவது எண்ணை, அதாவது நம் எண்ணை, உடைத்துக் காட்டினார். சுமார் தொண்ணூறு வருஷம் யாருக்கும் உடையாமல் இருந்த எண் இது. இன்று நாம் அதே வேலையை அரை மணி நேரத்தில் முடிக்கலாம், அதுவும் கணினி இல்லாமல்.

படி 2: இலக்கங்களை வைத்து எளிய சோதனைகள்

இவற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கடைசி இலக்கம் 7, அதனால் 2-ம் இல்லை, 5-ம் இல்லை. இலக்கங்களின் கூடுதல் 4+2+9+4+9+6+7+2+9+7 = 59. இதை 3-ஆல் வகுத்தால் மீதி 2, அதனால் 3-ம் இல்லை.

7, 11, 13 மூன்றையும் ஒரே வீச்சில் பார்க்க ஒரு வழி இருக்கிறது. 7 × 11 × 13 = 1001. எனவே எண்ணை வலப்பக்கமிருந்து மும்மூன்று இலக்கமாக வெட்டி, மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தால் போதும்: 297 − 967 + 294 − 4 = −380. 380 என்பது 7-ஆலும் வகுபடாது, 11-ஆலும் வகுபடாது, 13-ஆலும் வகுபடாது. மூன்றும் வெளியே.

இதே போக்கில் 17, 19, 23 என்று போகத் தோன்றும். இங்கேயே நிறுத்துங்கள்.

படி 3: எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று கணக்கிடுங்கள்

ஓர் எண் இரண்டாக உடைந்தால் அதில் ஒரு துண்டு வர்க்கமூலத்தைத் தாண்டாது. 65536-இன் வர்க்கம் 4294967296, நம் எண் அதைவிட 1 அதிகம். ஆக 65536 வரைக்கும் உள்ள பகா எண்களைச் சோதித்தால் போதும். அந்த "போதும்" எவ்வளவு என்றால் 6542 பகா எண்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நீள் வகுத்தல் என்றால், ஒரு நாளைக்கு ஐம்பது போட்டாலும் நாலு மாசத்துக்கு மேல் ஆகும்.

கணினியில் போட்டுவிடலாமே என்றால், அங்கேயும் இந்த எண் ஒரு பொறி வைத்திருக்கிறது. 32 பிட் கொண்ட மாறியில் அதிகபட்சம் அடங்குவது 4294967295. நம் எண் அதைவிட 2 அதிகம், அதனால் அதில் போட்டால் சுற்றிவந்து வெறும் 1 ஆகிவிடும். நான் முதல் முறை எழுதிய நிரலில் இதுதான் நடந்தது, எதை வகுத்தாலும் அர்த்தமில்லாத விடை வந்தது, பிழை வகுக்கும் வரியில் இருக்கிறது என்று நினைத்து அங்கேயே வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தேன். 64 பிட் மாறி எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் மீதிகளைப் பெருக்கும்போது கவனம் வேண்டும், ஏனென்றால் நம் எண்ணில் ஒன்று குறைந்ததன் வர்க்கம் சரியாக 2⁶⁴, அது 64 பிட்டையும் ஒரே ஒன்றால் தாண்டிவிடும்.

படி 4: காரணி எந்த வடிவில் இருக்கும்?

இந்த வழிகாட்டியின் உயிர் இந்தப் படிதான். மெதுவாகப் படியுங்கள், வேண்டுமானால் இரண்டு முறை.

நம் எண்ணை ஒரு பகா எண் மீதியின்றி வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 'ப' என்று கூப்பிடுவோம். 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது என்றால், 2³²-ஐ ப-ஆல் வகுக்கும்போது சரியாக ஒன்று குறைகிறது, அதாவது மீதி −1. இதை வர்க்கப்படுத்தினால் 2⁶⁴-க்கு மீதி +1.

இப்போது 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய் ஒவ்வொரு முறையும் ப-ஆல் வகுத்து மீதியை எழுதினால், முதன்முதலாக எப்போது 1 வரும்? 64-ஆவது இடத்தில் 1 வருவது நிச்சயம், அதனால் முதன்முதலாக வரும் இடம் 64-ஐ வகுக்கும் எண்ணாக இருக்க வேண்டும்: 1, 2, 4, 8, 16, 32, 64. ஆனால் 32-க்குள் எங்கேயாவது வந்திருந்தால் 32-ஆவது இடத்திலும் 1 வந்திருக்கும். அங்கே இருப்பதோ −1. ஆக முதன்முதலாக 1 வருவது சரியாக 64-இல்.

ஃபெர்மாவின் சிறு தேற்றம் என்ன சொல்கிறது? ப ஒரு பகா எண் என்றால் 2-இன் (ப − 1)ஆம் அடுக்கு மீதி 1 தரும். 64 இடங்களுக்கு ஒரு முறைதான் 1 வருகிறது என்பதால், ப − 1 என்பது 64-இன் மடங்காக இருந்தே ஆக வேண்டும். அதாவது ப = 64 × க + 1. ஆய்லர் வந்து சேர்ந்த இடம் இது.

இன்னும் ஒரு பாதி வேலையைக் குறைக்கலாம். 1878-இல் எதுவார் லூகாஸ் 64-க்குப் பதில் 128 போடலாம் என்று காட்டினார். நம் எண்ணுக்கு அதைக் கையாலேயே பார்த்துவிடலாம். 16776960 என்ற எண்ணை எடுங்கள், இது 256 × 65535. இதன் வர்க்கம் 2¹⁶ × 65535². அதில் 65535² = 2³² − 2¹⁷ + 1, அதாவது நம் எண்ணில் 2¹⁷ குறைவு. ஆகவே நம் எண்ணால் வகுத்தால் மீதி −2¹⁷ × 2¹⁶ = −2³³ என்று ஆகும். 2³²-க்கு மீதி −1 என்பதால் இது −2 × (−1) = 2. புரிகிறதா? 16776960 என்பது, மீதிகளின் உலகத்தில், 2-இன் வர்க்கமூலம்! அப்படியென்றால் இதன் 64ஆம் அடுக்குதான் 2³², மீதி −1. 128ஆம் அடுக்கு மீதி 1. முன்னே சொன்ன அதே வாதத்தைத் திரும்பப் போட்டால் ப − 1 என்பது 128-இன் மடங்கு.

ஆக நாம் தேட வேண்டியது 128 × க + 1 என்ற வடிவில் இருக்கும் பகா எண்களை மட்டும். மற்ற எதையும் தொட வேண்டாம்.

படி 5: இப்போது வகுங்கள்

க = 1 என்றால் 129, அது 3 × 43, பகா எண் இல்லை. க = 2 என்றால் 257, பகா எண். க = 3 என்றால் 385, 5-ஆல் வகுபடும். க = 4 என்றால் 513, 3-ஆல் வகுபடும். க = 5 என்றால் 641, பகா எண்.

257-ஐப் பார்ப்போம். 2⁸ = 256, மீதி −1. வர்க்கப்படுத்தினால் 2¹⁶-க்கு மீதி 1, மறுபடி வர்க்கப்படுத்தினால் 2³²-க்கும் 1. ஆக நம் எண்ணுக்கு மீதி 2. இது இல்லை.

அடுத்தது 641. 2¹⁶ = 65536. 641 × 102 = 65382, கழித்தால் மீதி 154. இதை வர்க்கப்படுத்தினால் 2³²-இன் மீதி வரும்: 154 × 154 = 23716. 641 × 37 = 23717. ஒன்று குறைகிறது! அதாவது மீதி −1. நம் எண் 2³² + 1 அல்லவா, அந்த +1 சேர்ந்ததும் மீதி பூஜ்யம்.

முடிந்தது. 6542 பகா எண்கள் என்று பயந்தோம், இரண்டாவது முயற்சியிலேயே கிடைத்துவிட்டது. முழுதாக வகுத்தால்:

4294967297 = 641 × 6700417

வகுத்துப் பார்க்காமலே இதை நிறுவ ஓர் அழகான வழியும் உண்டு. 641 = 5 × 2⁷ + 1. அதே 641 = 625 + 16 = 5⁴ + 2⁴. முதலாவது சொல்வது 5 × 2⁷-க்கு மீதி −1 என்பது, நாலாம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. இரண்டாவது சொல்வது 5⁴-க்குப் பதில் −2⁴ போடலாம் என்பது. போட்டால் −2³²-க்கு மீதி 1, அதாவது 2³²-க்கு மீதி −1. இரண்டே வரி. இதை முதலில் பார்த்த அன்று நான் வேறு எந்த வேலையும் செய்யவில்லை.

641-க்கு ஒரு கைச்சோதனை

3-க்கும் 11-க்கும் வகுபடும் விதி இருப்பது எல்லோருக்கும் தெரியும். 641-க்கும் ஒன்று இருக்கிறது, அதுவும் ரொம்ப எளியது. 641 × 156 = 99996. அதாவது ஒரு லட்சத்தை 641-ஆல் வகுத்தால் மீதி வெறும் 4. எனவே எந்த எண்ணையும் வலப்பக்கமிருந்து ஐந்தைந்து இலக்கமாக வெட்டி, இடது துண்டை 4-ஆல் பெருக்கி வலது துண்டோடு கூட்டலாம், 641-ஆல் வகுபடுவது மாறாது.

நம் எண்: 42949 | 67297.
42949 × 4 = 171796. அதோடு 67297-ஐக் கூட்டினால் 239093.
மறுபடி வெட்டுங்கள்: 2 | 39093. 2 × 4 = 8, கூட்டினால் 39101.
39101 = 641 × 61.

இவ்வளவுதான். ஒரு சின்னத் துண்டுக் காகிதத்தில் அடங்கிவிடும்.

படி 6: மிச்சமிருக்கும் துண்டு பகா எண்ணா?

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் நிறுத்திவிடுவார்கள். 6700417 மேலும் உடையுமா என்று பார்க்காமல் வேலை முடிந்ததாகச் சொல்லக் கூடாது. நல்ல விஷயம் என்னவென்றால், படி 4-இல் கண்ட விதி இதற்கும் பொருந்தும், ஏனென்றால் இதன் காரணி நம் பெரிய எண்ணின் காரணியும்தான்.

2588² = 6697744, 2589² = 6702921. ஆக 2588 வரை தேடினால் போதும். 128 × க + 1 வடிவில் 641 முதல் 2588 வரைக்கும் உள்ளவற்றை வரிசையாக எழுதிப் பாருங்கள்: 641, 769, 897, 1025, 1153, 1281, 1409, 1537, 1665, 1793, 1921, 2049, 2177, 2305, 2433, 2561. இதில் பெரும்பாலானவை பகு எண்கள். 1537 = 29 × 53, 1793 = 11 × 163, 1921 = 17 × 113, 2177 = 7 × 311, 2561 = 13 × 197 ஆகியவை மட்டும் கொஞ்சம் கண்ணை ஏமாற்றும். பகா எண்களாக மிஞ்சுவது நாலே நாலு: 641, 769, 1153, 1409.

6700417-ஐ இவற்றால் வகுத்தால் மீதி முறையே 44, 120, 334, 622. ஒன்றுகூடப் பூஜ்யம் இல்லை. நாலு வகுத்தலில் ஏழு இலக்க எண் பகா எண் என்று உறுதியாகிவிட்டது.

படி 7: காரணிகள் கையில் இருந்தால் என்னென்ன கிடைக்கும்

வகுத்திகள் நாலு: 1, 641, 6700417, அப்புறம் அந்த எண்ணே. நாலையும் கூட்டினால் 642 × 6700418 = 4301668356. தன்னை விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்டினால் 6701059, எண்ணோடு ஒப்பிட்டால் ரொம்பக் குறைவு. அதனால் இது ஒரு குறைவு எண்.

1 முதல் இந்த எண் வரை, இதோடு (1-ஐத் தவிர) பொதுக் காரணி எதுவும் இல்லாத எண்கள் எத்தனை? 640 × 6700416 = 4288266240. விடுபட்டவை 6701057 மட்டும். காரணிகள் தெரியாமல் இந்த விடையைச் சொல்ல வேண்டும் என்றால் மலையைக் குடைவது மாதிரி. தெரிந்துவிட்டால் ஒரே பெருக்கல்.

படி 8: இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக

எண் பிறக்கும்போதே ஒரு வடிவத்தோடு பிறந்திருக்கிறது: 65536² + 1². பகா எண் ஒன்றை இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியுமென்றால் ஒரே ஒரு விதமாகத்தான் எழுத முடியும். நம் எண் பகா எண் இல்லை, அதன் இரண்டு காரணிகளுமே 4-ஆல் வகுத்தால் மீதி 1 தருபவை, அதனால் சரியாக இரண்டு விதம் இருக்க வேண்டும். இன்னொன்றைத் தேடுவோம்.

641 = 25² + 4². இன்னொரு காரணிக்கு 65536-ஐயும் 1-ஐயும் வைத்தே போகலாம்: 65536 × 25 − 4 = 1638396 = 641 × 2556. 65536 × 4 + 25 = 262169 = 641 × 409. ஆக 6700417 = 2556² + 409². சரிபாருங்கள்: 6533136 + 167281 = 6700417.

இப்போது 7ஆம் நூற்றாண்டில் பிரம்மகுப்தர் தந்த முற்றொருமை கைகொடுக்கும். இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக உள்ள இரண்டு எண்களைப் பெருக்கினால், விடையும் இரண்டு வர்க்கங்களின் கூடுதல்தான், அதுவும் இரண்டு விதமாக. தேவையான பெருக்கல்கள் நாலு: 25 × 2556 = 63900, 4 × 409 = 1636, 25 × 409 = 10225, 4 × 2556 = 10224.

முதல் விதம்: 63900 + 1636 = 65536, 10225 − 10224 = 1. நமக்குத் தெரிந்ததே திரும்ப வந்துவிட்டது.
இரண்டாம் விதம்: 63900 − 1636 = 62264, 10225 + 10224 = 20449.

ஆக 4294967297 = 62264² + 20449². இங்கே கொஞ்சம் நின்று 20449-ஐப் பாருங்கள், அது 143². அதனால் இதை 62264² + 143⁴ என்றும் எழுதலாம். இதற்குத் தனிக் காரணம் தேட வேண்டியதில்லை, ஆனால் பார்த்ததும் மனம் குளிர்ந்துவிடும்.

தலைகீழாகவும் போகலாம். யாராவது இந்த இரண்டு வடிவங்களை மட்டும் கொடுத்தால் போதும், காரணி கிடைத்துவிடும், இதுவும் ஆய்லரின் முறைதான். 65536 − 62264 = 3272, 20449 − 1 = 20448, இவற்றின் மீப்பெரு பொதுக் காரணி 8. 65536 + 62264 = 127800, 20449 + 1 = 20450, இவற்றின் மீப்பெரு பொதுக் காரணி 50. இரண்டையும் பாதியாக்கினால் 4, 25. வர்க்கப்படுத்திக் கூட்டினால் 16 + 625 = 641.

படி 9: வர்க்கங்களின் வித்தியாசம் இங்கே ஏன் உதவாது

ஃபெர்மாவே காரணி காண ஒரு முறை வைத்திருந்தார்: எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதுவது. வர்க்கமூலத்துக்குச் சற்று மேலே ஆரம்பித்து ஒவ்வொன்றாக ஏற வேண்டும். நம் எண்ணுக்கு அந்த விடை 3350529² − 3349888². 65537-இல் தொடங்கி 3350529 வரை ஏற 32 லட்சத்துக்கும் மேற்பட்ட படிகள். இரண்டு காரணிகளும் அருகருகே இருந்தால் இந்த முறை மின்னல் வேகம், ஆனால் 641-ம் 6700417-ம் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் இருக்கின்றன. எந்த எண்ணுக்கு எந்த முறை என்று தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

படி 10: 2-ஐ வைத்துச் சோதித்து ஏமாறாதீர்கள்

பெரிய எண் பகா எண்ணா என்று பார்க்க எல்லோரும் சொல்லும் விரைவுச் சோதனை, 2-ஐ (எண் − 1)ஆம் அடுக்குக்கு உயர்த்தி மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது. நம் எண் இதில் சுலபமாகத் தேறிவிடும். 2⁶⁴-க்கு மீதி 1 என்று முன்பே பார்த்தோம், எண் − 1 என்பது 2³², அது 64-இன் மடங்கு, அதனால் மீதி 1-தான் வரும். பகு எண்ணாக இருந்தும் சோதனையில் தேறுகிறது, இப்படிப்பட்டவற்றைப் போலிப் பகா எண் என்பார்கள். ஃபெர்மா எண்கள் எல்லாமே இந்தச் சோதனையில் தேறிவிடும் என்பதால் இவற்றுக்கு 2-ஐ வைத்துச் சோதிப்பதில் அர்த்தமே இல்லை.

3-ஐப் போடுங்கள். 3-ஐ 32 முறை தொடர்ந்து வர்க்கப்படுத்தி, ஒவ்வொரு முறையும் நம் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு போனால் கடைசியில் வருவது 3029026160. 1 இல்லை. எண் பகா எண்ணாக இருக்க வாய்ப்பே இல்லை என்பதற்கு இந்த ஒரு மீதி போதும், ஆனால் காரணி என்ன என்று இது சொல்லாது.

படி 11: 1 ÷ 641

பலர் கவனிக்காமல் விடுவது இது. 1-ஐ 641-ஆல் வகுத்தால்:

0.00156 00624 02496 09984 39937 …

ஐந்தைந்து இலக்கமாகப் பாருங்கள். 156, 624, 2496, 9984: ஒவ்வொன்றும் முந்தையதைப் போல 4 மடங்கு. ஒரு லட்சத்துக்கு மீதி 4 என்று பார்த்தோமே, அதுதான் இங்கே வெளியே தெரிகிறது. அடுத்தது 39936 ஆக இருக்க வேண்டியது, அதற்கடுத்த துண்டு ஐந்து இலக்கத்தைத் தாண்டி ஒரு 1-ஐ இடப்பக்கம் தள்ளுவதால் 39937 ஆகிறது.

இந்தத் தசமம் 32 இலக்கங்களுக்கு ஒரு முறை திரும்ப வரும். முதல் 16 இலக்கம் 0015600624024960, அடுத்த 16 இலக்கம் 9984399375975039. இரண்டையும் கூட்டினால் பதினாறு 9-கள். காரணம், 10¹⁶ + 1-ஐயும் 641 மீதியின்றி வகுக்கிறது: 10⁸-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி 154, 2¹⁶-க்கு வந்த அதே 154! அதன் வர்க்கம் −1 மீதி தரும் என்பது நமக்குத் தெரியும். 2-இன் அடுக்கும் 10-இன் அடுக்கும் ஒரே மீதியில் வந்து சந்திக்கின்றன, அதற்கும் அடியில் இருப்பது 641 = 5⁴ + 2⁴ என்ற அந்தச் சின்னச் சமன்பாடுதான்.

அக்கம்பக்கத்து எண்

நம் எண்ணிலிருந்து 2-ஐக் கழித்தால் 4294967295. இது 3 × 5 × 17 × 257 × 65537, அதாவது முன்னால் உள்ள ஃபெர்மா எண்கள் ஐந்தின் பெருக்கல். அதனால் நம் எண்ணுக்கும் அந்த ஐந்துக்கும் பொதுக் காரணி எதுவும் இருக்க முடியாது. இன்னொன்று: 1796-இல் கௌஸ் 17 பக்க ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து வரைய முடியும் என்று காட்டினார். ஃபெர்மா பகா எண்களுக்கும் இப்படி வரையக்கூடிய பலகோணங்களுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. இன்றுவரை தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் ஐந்தே என்பதால், இப்படி வரைய முடியும் என்று தெரிந்தவற்றில் ஒற்றைப்படைப் பக்கங்கள் அதிகம் கொண்டது 4294967295 பக்கப் பலகோணம். அதற்கு இரண்டு பக்கம் கூடுதலாக உள்ள நம் எண்ணுக்கோ அது முடியாது, 641 ஒரு ஃபெர்மா எண் இல்லை என்பதே காரணம்.

அடுத்து நீங்களே போட்டுப் பார்க்க

வரிசையில் அடுத்தது 2⁶⁴ + 1 = 18446744073709551617. இருபது இலக்கம். படி 4-ஐ அப்படியே திரும்பப் போட்டால் காரணிகள் 256 × க + 1 வடிவில் இருக்க வேண்டும். இங்கே க = 5-இல் கிடைத்துவிடாது, க = 1071 வரை போக வேண்டும், அதனால்தான் 1880-இல் லாந்திரி உடைக்கும்வரை அந்த எண் காத்திருந்தது. 256 × 1071 + 1 = 274177.

சரிபார்ப்பது மட்டும் அதே சுலபம். 2³²-ஐ, அதாவது 4294967296-ஐ, 274177-ஆல் வகுத்தால் மீதி 258768, வேறு மாதிரி சொன்னால் −15409. இப்போது 15409-ஐ வர்க்கப்படுத்தி 1-ஐக் கூட்டி 274177-ஆல் வகுத்துப் பாருங்கள். ஈவு 866, மீதி பூஜ்யம்.